ஒரு வாக்கியம் முடியாதிருக்கும்வரை

சங்குமுனையில் பூனை பேசியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, செல்போன் ரிப்பேர் கடை மாடியில், நண்டுக் கம்பெனியில் வேலை பார்க்கும் செலஸ்தீனா ஸ்பானிய மொழியின் வினைச்சொல் ஒன்றை முதல்முறையாகப் பிழையில்லாமல் சொன்ன நேரத்தில். அது பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. சன்னல் கட்டையில் படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி, "நேத்து வச்ச சாளைமீன் கொழம்புல உப்பு கூடுதல்" என்றது. டீச்சர் மைமூன் கரும்பலகையிலிருந்து திரும்பி, "நானும் உம்மாட்ட அதத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, "அக்கா, வாக்கியத்த முடிங்க" என்றாள். செலஸ்தீனா பின்பாதியையும் சொல்லி முடித்தாள். பூனை வாயை மூடிக்கொண்டு முன்னங்காலை நக்கத் தொடங்கியது.

செலஸ்தீனா அந்த மாடிக்கு ஏறி வந்த கதை அதற்கு ஐந்து மாதம் முந்தியது. அவள் புருஷன் இஞ்ஞாசி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். தென் அமெரிக்காவில் சான் லாசரோ என்ற துறைமுகத்தில் அவன் கப்பல் நங்கூரம் போட்டு நின்ற மூன்றாம் நாள், கப்பலின் அடிவயிற்றில், தண்ணீருக்குக் கீழே, வலைப்பையில் வைத்துக் கட்டியிருந்த ஒன்பது பொட்டலங்களைப் போலீசின் முக்குளிப்பாளர்கள் கண்டெடுத்தார்கள். உள்ளே இருந்தது விற்கக்கூடாத தூள். அன்றைக்குத் தளத்தில் காவல் முறை பார்த்தவர்கள் மூன்று பேர்: இஞ்ஞாசி, ஒரு கொல்லத்துக்காரர், ஒரு பிலிப்பைன்ஸ்காரர். மூவரையும் கொண்டுபோய் அடைத்தார்கள். இஞ்ஞாசி கப்பலேறும்போது செலஸ்தீனாவுக்கு ஐந்து மாதம். பிள்ளை பிறந்து, கொரெற்றி என்று பெயர் வைத்து, அது உட்கார்ந்து, தவழவும் தொடங்கிவிட்டது. வழக்கு மட்டும் தொடங்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் புரிகிற மொழியில்தான் விசாரிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் கிடைக்காமல் மூன்று முறை தள்ளிப்போட்டார்கள்.

அவனுக்காக அந்த ஊர் நீதிமன்றம் ஒரு வக்கீலம்மாவை அமர்த்தியிருந்தது. பெயர் லூர்தெஸ். மாதாவின் பெயர் என்று கேட்டதுமே செலஸ்தீனாவுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. லூர்தெஸ் ஸ்பானிய மொழியில் செய்தி அனுப்புவாள், செல்போன் அதைத் தமிழாக்கிக் கொடுக்கும். மூன்றாம் முறை தள்ளிப்போன நாளில் செல்போன் கொடுத்த தமிழ் இப்படி இருந்தது: 'உங்கள் கணவர் வியாழக்கிழமை தொங்கவிடப்பட்டார்.' செலஸ்தீனா நண்டுக் கூடைமேல் மயங்கி விழுந்தாள். மூக்கருகே அமோனியா பாட்டிலைக் காட்டி எழுப்பிய பிறகு, யார் யாரிடமோ விசாரித்து, தொங்குவது இஞ்ஞாசி அல்ல, தள்ளிப்போன விசாரணைதான் என்று தெரிந்துகொள்ள சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் காலை அவள் நாத்தனார் ரொமால்டாவிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

மைமூனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சென்னையில் ஸ்பெயின்காரர்களின் வாஷிங் மெஷின் புகார்களை போனில் கேட்டு வாங்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, அந்தக் கம்பெனி மூடியதும் ஊருக்கு வந்தவள்.

"எவ்வளவு நாள்ல பேசலாம் டீச்சர்?" என்று கேட்டாள் செலஸ்தீனா.

"எதுக்குக்கா படிக்கிறீங்க?"

"ஜட்ஜியப் பாத்துப் பேசணும்."

மைமூன் கரும்பலகையைத் துடைத்தாள். அன்றைக்கே தொடங்கினாள். ஆறு மாதப் பாடத்தை ஐந்து மாதத்தில் இழுத்துவந்து அந்தச் செவ்வாய்க்கிழமை, நடக்காததைச் சொல்லும் வினைக்கு வந்து சேர்ந்தாள்.

"ஆப்லார்னா பேசுறது. எழுதுறப்ப முன்னால ஒரு ஹ வரும், வாயில வராது. 'அவங்க பேசினாங்க'ங்கிறதுக்கு ஆப்லாரோன். அந்தக் கடைசி 'ரோன்' இருக்குல்ல, அதக் கழட்டிருங்க. அங்க ஒரு 'ர' வைங்க. ஆப்லார. பேசல, ஆனா பேசினா எப்படி இருக்கும்? அதுதான் இது."

"நண்டுக் கால திருகி எடுக்கிற மாதிரி."

"அதேதான். ஆனா நடுவுலதான் அழுத்தணும். கடைசில அழுத்தி ஆப்லரான்னு சொல்லிட்டீங்கன்னா, பேசுவான்னு ஆயிடும். அது வெறும் வாக்குறுதி."

ஒரு நாளைக்கு நானூறு நண்டுக்குக் கால் திருகிச் சதை எடுக்கும் கைக்காரி அவள். எந்த மூட்டில் பிடித்தால் ஓடு உடையாமல் வரும் என்பது அவளுக்குத் தெரியும். "சி எல் காத்தோ ஆப்லார" என்றாள். பூனை பேசுமானால் என்று அர்த்தம். பூனை பேசியது.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் வாரம் வேடிக்கையாகவும், இரண்டாம் வாரம் சந்தேகத்தோடும், மூன்றாம் வாரம் பாடப்புத்தகத்தோடும் எடுத்துக்கொண்டது. செல்போன் கடை மாடி தாங்காது என்று வகுப்பு சவேரியார் கோயில் மண்டபத்துக்கு மாறியது. ஐஸ் பேக்டரிக்காரர்களும் வலை பின்னுகிறவர்களும் ரேஷன் கடையில் எடை போடுகிறவரும், அவர் கடை வரிசையில் நின்று சண்டை போடுகிற பெண்களும் வரிசை குலையாமல் அப்படியே வந்து உட்கார்ந்து ரோன் கழற்றி ர வைத்தார்கள். அவர்கள் கண்டுபிடித்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். வினையைச் சரியாகச் சொன்னால், சொன்னது நடக்கும், சொன்னவருக்கு மூச்சு இருக்கும்வரை. மூச்சு அறுந்தாலோ, 'அப்படியானால் இப்படி ஆகும்' என்ற பின்பாதியைச் சொல்லி முடித்தாலோ, நடந்ததும் முடிந்துபோகும். பிழையாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது, பக்கத்தில் இருப்பவர்கள் திருத்துவார்கள்.

ஒரு மூச்சு என்பது சின்ன அளவுதான். ஆனால் சங்குமுனை ஆட்கள் சின்ன அளவுகளில் வாழப் பழகியவர்கள். கரண்டு போன வீட்டில் ஒருத்தி 'வெளிச்சம் திரும்புமானால்' என்று இழுத்துச் சொல்ல, அந்த மூச்சுக்குள் கிரைண்டர் பத்துச் சுற்று சுற்றியது. அவள் மூச்சு வாங்கும்போது மாமியார் தொடர்ந்தாள், மருமகளும் மாமியாரும் மாறி மாறிச் சொல்லி ஒரு படி அரிசியை ஆட்டி எடுத்தார்கள், ஒன்பது வருடத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே பேச்சாக இருந்தார்கள் என்று தெரு பேசியது. இது என்ன திருட்டுக் கரண்டா என்று விசாரிக்க வந்த மின்வாரியக்காரர், விதிப்புத்தகத்தில் இதற்கு இடமில்லை என்று எழுதி வைத்துவிட்டு மறுவாரம் வகுப்பில் சேர்ந்தார். முகத்துவாரத்தில் அலை புரளும் இடத்தை வள்ளம் தாண்ட ஒரு மூச்சுக்குக் காற்று மாறினால் போதும். கடலுக்குப் போகிறவர்கள் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நின்று 'காற்று மாறுமானால்' என்று உரக்கச் சொல்லித் தாண்டினார்கள். கரையில் நின்றவர்கள் உச்சரிப்பைக் கேட்டே யார் வள்ளம் என்று சொன்னார்கள்.

இதெல்லாம் சரிதானா என்று கேட்கப் பங்குத்தந்தையிடம் போனார்கள். அவர் ஒரு வாரம் யோசித்து ஞாயிறு பிரசங்கத்தில், "கேட்பது தப்பில்லை, இலக்கணப் பிழையோடு கேட்பதுதான் தப்பு" என்றார். அந்த மொழியில் ஆசையைச் சொல்லும் வாக்கியத்துக்கு முன்னால் 'ஒஹலா' என்று ஒரு சொல் வரும். பழைய காலத்தில் அரபு பேசியவர்கள் அங்கே விட்டுப்போன சொல் அது, அல்லாஹ் நாடினால் என்பதுதான் அதன் பொருள் என்று மைமூன் வகுப்பில் சொன்னபோது, பள்ளிவாசல் தெருவிலிருந்து நாற்பது பேர் ஒரே நாளில் சேர்ந்தார்கள். "நம்ம சொல்லுதான். உச்சரிப்புதான் கொஞ்சம் கெட்டுப்போச்சு" என்றார் மைமூனின் வாப்பா.

இத்தனையும் தொடங்கி வைத்த செலஸ்தீனா மட்டும் தன் புருஷன் பெயரை எடுத்து ஒரு வாக்கியமும் சொல்லவில்லை. நாற்பது நாள் சொல்லவில்லை. ரொமால்டா கேட்டே விட்டாள்.

"மைனி, ஊரே கூப்பிடுது. எங்க அண்ணன நீங்க ஏன் கூப்பிடல?"

"ஒரு மூச்சுக்கு வந்துட்டுப் போனா, அதுக்கப்புறம் நான் எப்படி மூச்சு விடுவேன்?"

ஆனால் அந்த வாரமே வகுப்பில் மீன் ஏலக்காரி விக்தோரியா எழுந்து நின்று, ஒக்கிப் புயலில் போன தன் மகன் தொம்மை 'என்னைக் கூப்பிடுவானானால்' என்று சொன்னாள். மண்டபத்து வாசல் பக்கமிருந்து, "எம்மா" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். விக்தோரியா மூச்சு விட்டாள். உட்கார்ந்தாள். அழவில்லை. "வாசல்ல நின்னுல்லா கூப்பிடுதான், எப்பவும் போல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி, அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புயலுக்குப் பிறகு முதல்முறையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் செலஸ்தீனாவுக்குத் துணிவு வந்தது. மறுநாள் காலை, பிள்ளை சமையலறையில் டம்ளரை உருட்டிக்கொண்டிருக்க, கதவைச் சாத்திவிட்டு நெஞ்சு நிறைய காற்றை இழுத்துச் சொன்னாள்.

"சி மி மரீதோ ரெக்ரெசார..."

என் புருஷன் திரும்பி வருவாரானால். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் இஞ்ஞாசி நின்றான். ஆரஞ்சு நிறச் சிறைச்சட்டை, தூக்கத்தில் கலைந்த தலை, இளைத்த கழுத்து. அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான், தன்னைப் பார்த்து டம்ளரை நீட்டிய சின்ன உருவத்தைப் பார்த்தான். "இதுவா..." என்று குனிந்தான். செலஸ்தீனாவுக்குக் காது அடைத்து, கண் இருட்டி, மூச்சு அறுந்தது. டம்ளர் தரையில் விழுந்தது.

அன்று மாலை அவள் மண்டபத்துக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் நின்று, "எனக்கு மூச்சு பத்தல. உங்க மூச்சு வேணும்" என்றாள்.

மைமூன் இரவெல்லாம் யோசித்து வழி சொன்னாள். அந்த மொழியில் 'உம்' என்பதற்கு ஒரே எழுத்துதான், 'இ'. ஒருவர் மூச்சு முடிவதற்குள் அடுத்தவர் 'இ' என்று பிடித்துக்கொண்டு இன்னொரு வினையைச் சேர்த்தால், வாக்கியம் அறாது. வருவாரானால், உண்பாரானால், இளைப்பாறுவாரானால், நடப்பாரானால் என்று போய்க்கொண்டே இருக்கலாம். இருநூற்றுப் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு வினை எழுதிக் கொடுத்தாள். 'ஆர்' என்று முடிகிற, ஒழுங்கான, சண்டித்தனம் செய்யாத வினைகளாகப் பார்த்துப் பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பதினொரு மணிக்குக் கோயில் முற்றத்தில் வட்டமாக நின்றார்கள். செலஸ்தீனா தொடங்கினாள், இஞ்ஞாசி வட்டத்தின் நடுவில் வந்து நின்றான். 'இ செனார' என்று ரொமால்டா பிடித்தாள், உண்பாரானால். அவன் உட்கார்ந்து, வாழையிலையில் இருந்த சோற்றையும் நண்டுக் குழம்பையும் உண்டான். 'இ தெஸ்கன்சார' என்றார் மின்வாரியக்காரர், அவன் சாய்ந்து இளைப்பாறினான். 'இ லா கர்கார' என்றாள் விக்தோரியா, அவளைத் தூக்குவாரானால். பதினான்கு மாதமாக யாரும் இல்லாதிருந்த அந்த இடத்தில், அப்பனின் கை மடிப்பில், கொரெற்றி ஏறி உட்கார்ந்துகொண்டு அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள். ஆட்டோ ஓட்டுகிற ராயப்பனுக்கு எழுதிக் கொடுத்த வினை மறந்துபோயிற்று. வாய்க்கு வந்ததைப் பிடித்து 'இ பைலார' என்றுவிட்டான், ஆடுவாரானால். பிள்ளையை இடுப்பில் வைத்தபடி இஞ்ஞாசி பேண்டு வாத்தியம் இல்லாமல் ஒரு சுற்று ஆட வேண்டியதாயிற்று. ஊர் சிரித்த சிரிப்பில் வாக்கியம் அறப் பார்த்தது. பங்குத்தந்தைதான் பாய்ந்து பிடித்தார்.

சிரித்து முடித்ததும் இஞ்ஞாசி செலஸ்தீனாவின் பக்கம் வந்தான். சுற்றிலும் வினைகள் மூன்றாம் சுற்றாக ஓடிக்கொண்டிருந்தன.

"மணி என்ன செலஸ்தீ?"

"மூணரை."

"அங்க விடியப்போவுது. நாலரைக்கு, அங்க ஆறு மணி, எண்ணிக்கை எடுப்பானுவ. நான் இல்லன்னா மத்த ரெண்டு பேரையும் இருட்டறைல போடுவான். அந்தக் கொல்லத்துக்காரருக்கு நெஞ்சு சரியில்ல."

"போக விட மாட்டேன். முறை மாத்தி முறை சொல்ல ஊரே இருக்கு. வருசக்கணக்கா சொல்லுவோம்."

"சொல்லுவீங்க. நான் வருசக்கணக்கா ஒரு ஆனாலுக்குள்ளயே இருக்கணுமா? இவ பள்ளிக்கூடத்துக்குப் போறப்போ, யாராவது தும்மினா அப்பன் காணாமப் போயிருவான். அப்படி வேண்டாம்டி. நான் தப்புப் பண்ணல. ஒளிஞ்சு வர மாட்டேன். பேப்பர்ல முத்திர வாங்கி, வாசல் வழியா வாரேன்."

"ஒங்கள நான் எப்படி அனுப்புவேன்?"

"நீதான் தொடங்கின. நீதான் முடிக்கணும்."

அவன் பிள்ளையை அவள் கையில் கொடுத்தான். செலஸ்தீனா கையை உயர்த்தினாள். கடைசியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்துவதற்குள் அவள் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள், வட்டம் அமைதியாயிற்று. வருவாரானால், உண்பாரானால், இளைப்பாறுவாரானால், நடப்பாரானால், அத்தனை ஆனால்களுக்கும் சேர்த்து ஒரே முடிவு சொன்னாள்: "செரீயா ஃபெலீஸ்." நான் மகிழ்ச்சியாக இருப்பேன். முற்றத்தில் எச்சில் இலை மட்டும் கிடந்தது. அதை அவளே எடுத்தாள்.

மறுநாள் முதல் அவள் வகுப்பில் கேட்ட கேள்விகளே வேறு. பொட்டலத்துக்கு என்ன சொல், சாட்சிக்கு என்ன சொல், கட்டியவனுக்கு என்ன சொல். "நான் அவுகளக் கூப்பிட்டது தப்பு டீச்சர். அவுக வாய் ஏற்கெனவே உண்மையச் சொல்லிட்டுதான் இருக்கு. வாய் இல்லாததத்தான் கூப்பிடணும்" என்றாள். மைமூன் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குத் திரும்பினாள்.

"பலபேர் பேசுறதுன்னா கடைசில ஒரு ன் வரணும்கா. ஆப்லாரன். அந்த ன் இல்லாட்டி ஒண்ணுதான் பேசும்."

"ஒம்பதும் பேசணும்."

"இவ்வளவு தூரம் போகுமான்னு தெரியாது. கடல் தாண்டி, கம்பி வழியா."

"அவுக அங்கருந்து இங்க வரலியா? சொல்லு இங்கருந்து அங்க போகாதா?"

நான்காவது விசாரணைக்கு நாள் குறித்தார்கள். குடும்பத்தார் காணொளி வழியாகப் பார்க்கலாம் என்று லூர்தெஸ் அனுமதி வாங்கியிருந்தாள். அங்கே காலை ஒன்பது, சங்குமுனையில் விளக்கு வைத்துச் சற்று நேரம். மண்டபத்துச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி அதில் படம் விழச் செய்திருந்தார்கள். இருநூற்றுப் பத்துப் பேரும் இருந்தார்கள். வேட்டியில் நீதிமன்றம் தெரிந்தது: மேடையில் வழுக்கைத் தலை நீதிபதி, கூண்டில் மூன்று ஆரஞ்சுச் சட்டைகள், நடு மேசையில் சாட்சிப்பொருளாக அடுக்கிய ஒன்பது பொட்டலங்கள். மொழிபெயர்ப்பாளருக்கான நாற்காலி மட்டும் காலி.

நீதிபதி நாற்காலியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் ஆறு மாதம் என்று எழுதப் பேனாவை எடுத்தார். லூர்தெஸ் எழுந்து, கைதியின் மனைவி ஒரு வார்த்தை பேச விரும்புகிறாள் என்றாள்.

"எந்த மொழியில்?" என்றார் நீதிபதி, தலை நிமிராமல்.

"உங்கள் மொழியில், ஐயா" என்றாள் செலஸ்தீனா ஸ்பானிய மொழியில். "நீங்கள் எனக்குச் செவிகொடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்." எஸ்குச்சார என்ற வினையை நடுவில் அழுத்திச் சொன்னாள். நீதிபதியின் விரல்களிலிருந்து பேனா நழுவிக் கீழே விழுந்தது. பதினேழு வருடம் அந்த நாற்காலியில் இருந்த அவர் அன்றைக்குத்தான் முழுக்காதோடு ஒருவரைக் கேட்டார் என்று லூர்தெஸ் பிறகு சொன்னாள்.

செலஸ்தீனா மூச்சை இழுத்தாள்.

"சி லோஸ் ஃபார்தோஸ் ஆப்லாரன்..."

இந்தப் பொட்டலங்கள் பேசுமானால்.

வேட்டியில் ஒன்றும் அசையவில்லை. செலஸ்தீனாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கூண்டுக்குள் இஞ்ஞாசி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்குக் காது அடைக்கத் தொடங்கிய நேரத்தில் மேசையில் மூன்றாவது பொட்டலம் தொண்டையைச் செருமியது. உடனே ஒன்பதும் ஒரே நேரத்தில், மீன் ஏலம் மாதிரி, கத்தத் தொடங்கின. நீதிபதி சுத்தியலால் தட்டி, "வரிசையாக" என்றார். எழுத்தர் புதிய தாள் ஒன்றை எடுத்து, 'முதல் பொட்டலம் கூறுவதாவது' என்று எழுதத் தொடங்கினார்.

"இ கொந்தாரன்" என்று ரொமால்டா வாக்கியத்தைப் பிடித்தாள், விவரிக்குமானால். பொட்டலங்கள் விவரித்தன. இந்தக் கப்பல் வருவதற்குப் பதினொரு நாள் முந்தியே தங்களைக் கட்டி முடித்துவிட்டார்கள் என்று முதலாவது சொன்னது. எந்தக் கப்பல் வந்தாலும் அதன் அடியில் மாட்டுவதற்காகத் துறைமுகச் சுவருக்குக் கீழே சேற்றில் காத்துக் கிடந்தோம் என்று நான்காவது சொன்னது. தண்ணீர் குளிராக இருந்தது என்று ஐந்தாவது குறைபட்டுக்கொண்டது. "இ நொம்ப்ராரன்" என்றாள் விக்தோரியா, பெயர் சொல்லுமானால். முக்குளித்து வந்து கட்டிய இரண்டு பேரின் பெயர்களை ஆறாவதும் ஏழாவதும் ஆளுக்கொன்றாகச் சொல்லின. ராயப்பன் முறை வந்தது. அவனுக்குக் கொடுத்தது ஃபிர்மாரன், கையெழுத்திடுமானால். பதற்றத்தில் அவன் கடைசி ன்-ஐ விழுங்கிவிட்டான். அதனால் ஒன்பதில் ஒன்றுதான், ஓரத்தில் இருந்தது, எழுத்தரின் தாளில் கையெழுத்திட்டது. மைமூன் தலையில் அடித்துக்கொண்டாள்.

அரசு வக்கீல் எழுந்தார். "ஐயா, இந்தச் சாட்சியம் முழுவதும் நடக்காததைச் சொல்லும் வினையில் தரப்பட்டிருக்கிறது. இதை உண்மை என்று ஏற்க முடியாது."

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார். நியாயமான ஆட்சேபம்தான். மண்டபத்தில் பங்குத்தந்தை 'இ' என்று இழுத்தார், அடுத்த வினை யாருக்கும் தோன்றவில்லை. அப்போது எட்டாவது பொட்டலம், அதுவரை வாயே திறக்காதது, மெல்லிய குரலில் சொன்னது: "என் இரண்டாவது உறைக்கும் மூன்றாவது உறைக்கும் நடுவில் ஒரு சீட்டு மாட்டிக்கொண்டது. கட்டினவன் கவனிக்கவில்லை. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது."

செலஸ்தீனா பங்குத்தந்தையின் மூச்சு அறுவதற்குள் வாக்கியத்தைத் தன் வாய்க்கு வாங்கி, நிதானமாக முடித்தாள்: "திரீயன் லா வெர்தாத்." அவை உண்மையைச் சொல்லும். பொட்டலங்கள் ஒன்பதும் வெறும் பொட்டலங்களாயின.

"இப்போது யாரும் எந்த வினையும் சொல்லவில்லை" என்றார் நீதிபதி. "கத்தி கொண்டு வாருங்கள்."

எட்டாவது பொட்டலத்தைக் கிழித்தார்கள். இரண்டாவது உறைக்கும் மூன்றாவது உறைக்கும் நடுவில், நான்காக மடிந்து, முக்குளிப்புக் கருவி வாடகைக்கு விடும் கடையின் சீட்டு இருந்தது. அதில் பொட்டலங்கள் சொன்ன இரண்டு பெயர்களும், கப்பல் வருவதற்குப் பதினொரு நாள் முந்திய தேதியும் மையில் எழுதியிருந்தன. நீதிபதி அதை இரண்டு முறை படித்துவிட்டு அரசு வக்கீலிடம் நீட்டினார். "இது நடந்ததைச் சொல்லும் வினை" என்றார்.

மூவரையும் விடுதலை செய்கிறேன் என்று அவர் சொன்னதை மைமூன் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. இருநூற்றுப் பத்துப் பேருக்கும் அந்த மொழி புரிந்தது. விக்தோரியா முதல் குலவையைப் போட்டாள். கோயில் மணியும் பள்ளிவாசல் தெருவின் பட்டாசும் ஒன்றாகக் கிளம்பின. துறையில் கட்டிக் கிடந்த படகுகள் ஆளில்லாமலே ஹாரன் அடித்தன என்று சிலர் சொன்னார்கள். ஓடிப்போய் அடித்தது ராயப்பன்தான். ஒரு ன்-ஐ விழுங்கிய குற்றத்துக்காக நாற்பத்தொரு படகிலும் ஏறி அடித்தான்.

தாள்களில் முத்திரை விழ இருபத்து மூன்று நாள் ஆயிற்று. வருகிற தேதியைச் சொன்னால் ஊர் வாகனம் பிடித்து விமான நிலையத்துக்கே வந்துவிடும் என்று தெரிந்து, இஞ்ஞாசி யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை மதியம் இரண்டரை மணி பஸ்ஸில் நண்டுக் கம்பெனி நிறுத்தத்தில் இறங்கினான். எதிரே டீக்கடையில் நின்றவர்கள் டம்ளரைப் பிடித்தபடி உறைந்தார்கள். ஒருவன் ஓடினான். கம்பெனிக்குள் கேட்டைத் தாண்டிச் செய்தி போய், செலஸ்தீனா வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்ஸும் கையுறையுமாக வெளியே வந்து நின்றாள். இருபது அடி தூரத்தில் அவன். அவள் அருகே போகவில்லை.

"யாரு சொல்லிட்டிருக்கீங்க?" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். "யாரு வாய்ல இருக்காரு இவரு? இப்பவே சொல்லிருங்க. என்னால இன்னொரு தடவ முடியாது."

டீக்கடைக்காரர் வாயைப் பொத்தினார். ராயப்பன் ஆட்டோவிலிருந்து இறங்கி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். செல்போன் கடையிலிருந்து வந்த மைமூன் முந்தானையை வாயில் அடைத்தாள். கொரெற்றியைத் தூக்கி ஓடிவந்த ரொமால்டா தன் வாயையும் பிள்ளையின் வாயையும் சேர்த்து மூடினாள். வேலைக்கு நின்ற பெண்கள் கேட்டுக் கம்பிகளுக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். சங்குமுனையில் அப்படியொரு அமைதி புயலுக்கு மறுநாள்கூட இருந்ததில்லை. ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. இரண்டு மூச்சு. ஐந்து மூச்சு. பஸ் கிளப்பிய தூசி அடங்கியது. இஞ்ஞாசி நின்ற இடத்திலேயே நின்றான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

"செலஸ்தீ, நான் பஸ்லதான் வந்தேன்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். "டிக்கெட்டு இருக்கு பாரு."

அவள் நடந்து போய், நண்டு வாடை வீசும் கையுறையோடு அவன் முகத்தை இரண்டு பக்கமும் பிடித்து, ஓடு எங்கே, சதை எங்கே என்று பார்ப்பதுபோல அழுத்திப் பார்த்தாள். எலும்பு இருந்தது. வியர்வை இருந்தது. மழிக்காத தாடி கையுறையைக் குத்தியது. பிறகு திரும்பி, கேட்டுக்குப் பின்னால் நின்ற மேஸ்திரியைப் பார்த்து, தெருவே அதிரும்படி, நடுவில் அழுத்தாமல் கடைசியிலும் அழுத்தாமல் எல்லா எழுத்திலும் அழுத்திச் சொன்னாள்:

"சார்! எம் புருசன் வந்துட்டாரு! இன்னிக்கு நான் லீவு!"